பதில் சீட்டு

மதுரை வட்டாரத்தில் உள்ள ஒரு வட்ட அரசு மருத்துவமனையில் நான் பணியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆண்டுகளில் நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது நான் எழுதிய பரிந்துரைச் சீட்டுகளுக்குக் கணக்கில்லை. தலையில் அடிபட்டவர், மூச்சுத் திணறலோடு வந்தவர், வலிப்பு நிற்காத குழந்தை என்று எங்களால் முடிந்த முதல் சிகிச்சையைச் செய்து, 108 வண்டி வாசலில் நிற்கும்போதே அவசரமாக நான்கு வரி எழுதி உறவினர் கையில் கொடுத்துவிடுவோம். ‘மேல எழுதிக் குடுத்துட்டாங்க’ என்று ஊரில் சொல்வார்கள். அந்தச் சீட்டுகளுக்கு எனக்கு வந்த பதில்கள் மிகக் குறைவு. பிழைத்தவர் ஊருக்குத் திரும்பி வந்தால் தெரிந்துகொள்வேன். பிழைக்காதவரைப் பற்றித் தேநீர்க் கடையில் கேள்விப்படுவேன்.

இதில் என் பங்கும் உண்டு. கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த ஓராண்டில் வெளியூர்களிலிருந்து வந்த சீட்டுகளை வாங்கிப் படித்து, கேஸ் ஷீட்டின் பின்னால் குத்தி வைத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். அதை எழுதியவர் பதிலுக்குக் காத்திருப்பார் என்பது, அந்த இடத்தில் நானே வந்து உட்காரும்வரை தோன்றவில்லை.

மருத்துவக் கல்லூரிக்கும் மாவட்டத்தின் மற்ற மருத்துவமனைகளுக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேசும்போது, இரண்டும் அரசு நிறுவனங்கள்தானே, இதில் என்ன தனியாகக் கூட்டு வேண்டியிருக்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். அரசு ஒன்றுதான், ஆனால் வீடுகள் வேறு. கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் கீழ் கல்லூரி முதல்வருக்குக் கட்டுப்பட்டது. எங்களைப் போன்ற வட்ட மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ் இணை இயக்குநருக்குக் கட்டுப்பட்டவை. ஆரம்ப சுகாதார நிலையங்களோ பொது சுகாதார இயக்ககத்தைச் சேர்ந்தவை. நோயாளி ஒரே மாதத்தில் இந்த மூன்று வீடுகளின் வாசலையும் மிதித்துவிடுகிறார். அவரைப் பற்றிய தகவல்தான் வாசலோடு நின்றுவிடுகிறது.

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயரை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அக்கல்லூரியோடு இணைந்த இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை அதுதான். தேனி, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் ஆகிய எல்லாத் திசைகளிலிருந்தும் கடைசி நம்பிக்கையாக மக்கள் வந்தது இங்குதான். 2012இல் சிவகங்கையிலும், 2022 ஜனவரியில் விருதுநகர், திண்டுக்கல், இராமநாதபுரம் ஆகிய ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கல்லூரிகள் பெருகியது நல்லது, மிக நல்லது. ஆனால் அருகில் கல்லூரி இருப்பதாலேயே அது நம்மோடு பேசிவிடாது.

கல்லூரி ஊரை நோக்கிப் போக வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஊராட்சி ஒன்றியங்களின் உடல்நலப் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 1977இலேயே மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களுக்குக் கண் முகாம்களைக் கொண்டு சென்றவர். 1976இல் ஓய்வு பெற்றபின் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவர் புறப்பட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கும்போது, மற்றத் துறைகள் அதை ஏன் தம் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

அந்த வருத்தம் சற்றுக் குறைந்தது மாவட்ட உறைவிட மருத்துவர் திட்டத்தால். 2020இல் அறிவிக்கப்பட்ட விதியின்படி, பட்ட மேற்படிப்பு மருத்துவ மாணவர்கள் தம் படிப்புக் காலத்தில் மூன்று மாதங்களை மாவட்டத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் கழிக்க வேண்டும். எங்களிடம் பொது மருத்துவம் படிக்கும் ஒரு மாணவி வந்தார். கூடுதலாக ஒரு கை கிடைத்தது, இரவுப் பணி சற்று இலேசாகும் என்றுதான் நாங்கள் முதலில் மகிழ்ந்தோம்.

அவர் வந்த இரண்டாம் வாரம், இதயம் பலவீனமான ஒரு பெரியவர் இரு கால்களும் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கியபடி வந்தார். ஒரு பெரிய மருத்துவமனையில் சில வாரங்களுக்கு முன்புதான் தேறி வீடு திரும்பியவர். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். “நான் எங்கம்மா நிறுத்துனேன்? அந்தச் சீட்டுல இருக்கிறது இங்க இல்லேன்னாங்க தாயி” என்றார். சீட்டில் இருந்தது, நீரை வெளியேற்றும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துச் செய்த ஒரே மாத்திரை. அந்தக் கூட்டு மாத்திரை எங்கள் மருந்தகத்தில் இல்லை. ஆனால் அதில் அடங்கிய இரண்டு மருந்துகளும் தனித்தனியாக, பெட்டி பெட்டியாக இருந்தன. எழுதியவருக்கு எங்கள் அலமாரி தெரியாது. மருந்து கொடுப்பவர் சீட்டில் உள்ள பெயரைத் தேடி இல்லை என்று சொன்னார். பெரியவர் என்னிடம் வராமலே வீட்டுக்குப் போய்விட்டார். மூவரில் எவரும் அலட்சியமாக இருந்ததாக நான் கருதவில்லை.

அந்த மாணவி அன்று மாலை மருந்தகத்துக்குள் போய் ஒரு மணி நேரம் நின்றார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து நாங்கள் எப்படி மருந்து எடுக்கிறோம், எது எப்போதும் இருக்கும், எது வருவதும் நிற்பதுமாக இருக்கும் என்று மருந்தாளுநரிடம் கேட்டு எழுதிக்கொண்டார். கைப்பட எழுதிய இரண்டு பக்கப் பட்டியல். அதைப் படம் எடுத்து, கல்லூரி மருத்துவமனையில் தான் பணிபுரியும் யூனிட்டின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். பிறகு எங்களிடமிருந்து அங்கே போகும் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் யூனிட்டுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்வதையும், அவர்கள் வீடு திரும்பும் நாளில் ஒரு வரியாவது எங்களுக்கு எழுதச் சொல்வதையும் தம் வேலையாக ஆக்கிக்கொண்டார். யாரும் ஆணையிட்டுச் செய்ததன்று.

மூன்று மாதம் முடிந்து அவர் போய்விட்டார். அடுத்து வந்தவர் மயக்கவியல் மாணவர். அவருக்கு அறுவை அரங்கிலேயே பொழுது சரியாக இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் மருந்துப் பட்டியல் ஒரு மாணவியின் நல்ல மனத்தை நம்பி மட்டும் கல்லூரிக்குப் போகக் கூடாது. இணை இயக்குநர் அலுவலகமும் கல்லூரி முதல்வரும் மாதம் ஒரு முறை ஒரே மேசையில் உட்கார்ந்து, அனுப்பிய சீட்டுகளையும் வந்த பதில்களையும் எண்ணிப் பார்த்தால் போதும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம்.

சென்ற வாரம் அதே பெரியவர் மாத்திரை வாங்க வந்தார். இடையில் ஒரு முறை அந்த மாணவியின் யூனிட்டில் படுத்துத் திரும்பியிருக்கிறார். சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மருந்தகச் சன்னலில் நீட்டினார். இரண்டு மருந்துகளும் இரண்டு வரிகளாகத் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. அடியில் வேறு மையில், என் பெயருக்கு, ‘எடை 52 கிலோ, இதற்கு மேல் 2 கிலோ கூடினால் அனுப்பவும்’ என்று இருந்தது. உடலில் மறுபடி நீர் சேர்கிறதா என்று எங்கள் எடைப் பொறியில் அவரை ஏற்றிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டரை.