முந்நூறு பிரதிகள்

ஜூலை 6, ஞாயிறு

நான்காண்டுகளாக எழுதிய நாவலை மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பியிருந்தேன். ஒன்றிலிருந்து பதிலே வரவில்லை. இரண்டாவது பதிப்பகம், அடுத்த ஆண்டு இறுதிவரை பட்டியல் நிரம்பிவிட்டதாகக் கண்ணியமாகச் சொல்லிவிட்டது. மூன்றாவது, இருநூறு பிரதிகளை நானே வாங்கிக்கொள்வதாக இருந்தால் உடனே வேலையைத் தொடங்கலாம் என்றது. இருநூறு பிரதிகளுக்கு நான் பணம் கொடுப்பதென்றால், முந்நூறுக்கு நானே கொடுத்து நானே பதிப்பித்துவிடலாமே என்று இன்று காலை முடிவெடுத்தேன். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறவள் நான்; இந்த முடிவு கணக்கிலிருந்து வந்ததா, ரோஷத்திலிருந்து வந்ததா என்பது போகப் போகத்தான் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். எண்பத்திரண்டு வயதாகிறது. ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சுக்கோக்கும் கம்பாசிட்டராக இருந்து, ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துப் பழகியவர். "எத்தனை ஃபாரம்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 19, சனி

பதின்மூன்று ஃபாரம். டெமி அளவில் ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கங்கள் என்றால் 208 பக்கங்கள் ஆகின்றன. திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்துக்குப் போய் விலை கேட்டேன். ஆஃப்செட்டில் பிளேட் போடும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான் என்பதால், முந்நூறு பிரதிக்காக அதைச் செய்வது வீண் என்று அச்சகக்காரரே சொல்லி, டிஜிட்டலில் அடிக்கப் பிரதிக்கு 98 ரூபாய் என்றார். தாள் 70 ஜிஎஸ்எம் கனம். ஆண்டர்சன் தெருவிலிருந்து எடுப்பதாகச் சொன்னார். அட்டை வடிவமைப்புக்கு 4,000 ரூபாய், பக்க வடிவமைப்புக்குப் பக்கத்துக்கு 30 ரூபாய். இதுவரை எனக்குப் புரிந்த கணக்குதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பக்க வடிவமைப்பு முடிந்து பிழை திருத்துவதற்கான மெய்ப்பு கைக்கு வந்தது. நான் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை, வடிவமைப்பாளர் தமக்குப் பழக்கமான பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார். மாற்றும்போது 'ஸ்ரீ' இருந்த இடங்களிலெல்லாம் கட்டம் விழுந்திருக்கிறது. 'க்ஷ' இரண்டாகப் பிளந்திருக்கிறது. இவை கண்ணில் படும் பிழைகள், ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கண்ணில் படாதவைதான் ஆளைக் கொல்கின்றன. வல்லினம் மிகும் இடங்களை நான் ஒருவாறு அறிவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா முதல் இருபது பக்கங்களுக்குள் பதினேழு இடங்களில் சிவப்பு மையால் ஒற்றுப் போட்டார், நான்கு இடங்களில் நான் போட்டதை எடுத்தார்.

அதைவிட அவருக்கு ஆத்திரமூட்டியது வரிமுறிப்பு. தமிழில் சொற்கள் நீளமானவை. வரியின் ஓரத்தில் இடம் போதாமல் கணினி சொல்லை உடைக்கும்போது, புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஒற்றெழுத்தை வரியின் தொடக்கத்தில் நிறுத்தினால் அவருடைய அச்சகத்தில் எழுத்துக் கோத்த தட்டையே திருப்பி எறிவார்களாம். ஒரு வரியைச் சரிசெய்தால் பத்தி நகர்கிறது, பத்தி நகர்ந்தால் அத்தியாயத்தின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தில் போய் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு முழு அத்தியாயத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

நடுவே அப்பா பழைய கதைக்குப் போனார். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது, எழுத்துப் பெட்டியான கேஸில் தனித்தனி அறைகளில் கிடந்த துதிக்கை வைத்த ணை, லை, ளை, னை எல்லாம் ஒரே நாளில் வேலையிழந்தன என்றார். வருத்தமா, நிம்மதியா என்று கேட்டேன். நான்கு அறை மிச்சமானது என்றார்.

இரவு எட்டு மணிக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பக்கத்துக்கு எவ்வளவு கூலி?" என்றார். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியில் மெய்ப்புப் பார்ப்பவருக்கு என்ன கொடுப்பாயோ அதைக் கொடு என்றார். பக்கத்துக்கு 15 ரூபாய் வீதம் 3,120 ரூபாய் என்று என் கணக்கேட்டில் எழுதினேன்.

ஆகஸ்ட் 30, சனி

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு விண்ணப்பித்தேன். தில்லியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதைக் கட்டணமில்லாமல் வழங்குகிறது; எழுத்தாளரே தம் பெயரில் இணையவழி விண்ணப்பிக்கலாம். அட்டையில் புனைபெயர், அடையாள அட்டையில் இயற்பெயர் என்று நான் செய்த குளறுபடியால் படிவத்தை இரண்டு முறை நிரப்பினேன். பதின்மூன்று இலக்கங்களில் கடைசி இலக்கம் முந்தைய பன்னிரண்டும் சரியா என்று சோதிப்பதற்கானது என்பதை அப்பாவுக்கு விளக்கினேன். எண்களுக்குக்கூட மெய்ப்புப் பார்க்க ஒருவன் இருக்கிறான் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி.

செப்டம்பர் 21, ஞாயிறு

முன்வெளியீட்டுத் திட்டத்தை அறிவித்து ஒரு வாரம் ஆகிறது. விலை 260, முன்பணம் கட்டுவோருக்கு அஞ்சல் செலவு உட்பட 220. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே. சாமிநாதையரே கையொப்பம் வாங்கிப் பணம் திரட்டியிருக்கிறார், நமக்கென்ன கூச்சம் என்று துணிந்துதான் வாட்ஸ்ஆப்பில் போட்டேன். கைகூப்பிய படங்களும் பூங்கொத்துகளும் கணக்கில்லாமல் வந்தன. பணம் கட்டியவர்கள் இன்றுவரை முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் பாதிப்பேரை எனக்கு முன்பின் தெரியாது. தெரிந்தவர்களில் பலர், "எனக்கு ஒன்று எடுத்து வை" என்று எழுதியிருக்கிறார்கள். எடுத்து வை என்பதற்குத் தமிழில் விலை உண்டா, இல்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்டோபர் 11, சனி

அச்சகத்தில் நாட்காட்டி, டைரி, தீபாவளி விளம்பர வேலைகள் குவிந்துவிட்டன. முந்நூறு பிரதிக்காரி வரிசையில் எங்கே நிற்பாள் என்பது எனக்கே தெரிகிறது. பண்டிகைக்குப் பிறகு.

அக்டோபர் 25, சனி

மழையோடு வந்து சேர்ந்தன. பெரம்பூரில் எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரத்தின் பதிப்பாளர்கள் கிடங்கு கிடங்காகப் புத்தகங்களை இழந்ததை மறக்க முடியுமா? பன்னிரண்டு கட்டுகளையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கட்டிலின் மேல் அடுக்கிவிட்டு நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

படுத்தபடியே கணக்குப் போட்டேன். அச்சு 29,400, அட்டை 4,000, வடிவமைப்பு 6,240, மெய்ப்பு 3,120, ஆக மொத்தம் 42,760 ரூபாய். ஒரு பிரதியின் அடக்கவிலை 142 ரூபாய் 53 காசு. முன்பணம் கட்டியவர்கள் 64 பேரில் நின்றுவிட்டார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்றும் இன்றும் பொட்டலம் கட்டினேன். 2025 மே 1 முதல் அஞ்சல் துறை புத்தகங்களுக்கென்று 'ஞான் போஸ்ட்' என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. என் புத்தகம் உறையுடன் 288 கிராம் இருந்தது. வாசகருக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு குமிழ்த்தாளும் இரண்டு புத்தகக்குறிகளும் சேர்த்தபோது 304 ஆகிவிட்டது. ஆகவே நான்கு கிராமுக்காக அறுபத்து நான்கு உறைகளையும் பிரித்து ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புத்தகக்குறியை உருவினேன். சென்ற ஆண்டு வரை யாராவது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் அவரைப் பார்த்துச் சிரித்திருப்பேன். நாளை அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லியாயிற்று. நூலில் பதிப்பித்தவர் பெயர் இருக்கிறதா, விளம்பரம் எதுவும் இருக்கிறதா என்று அஞ்சலக முகப்பில் புரட்டிப் பார்ப்பார்கள் என்பதால் ஒரு பிரதியை உறையிடாமல் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

நவம்பர் 19, புதன்

அரை நாள் விடுப்பு. 1954-ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, புத்தகம் வெளியான முப்பது நாட்களுக்குள் பதிப்பித்தவர் தம் செலவில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். கொல்கத்தா, மும்பை, தில்லிப் பிரதிகளை அஞ்சலில் சேர்த்துவிட்டு, நான்காவதை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு நேரில் கொண்டுபோனேன். அப்பாவும் வருவேன் என்றார். 1896-இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தபடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், தாம் அச்சுக்கோத்த புத்தகங்கள் உள்ளே நூற்றுக்கு மேல் இருக்கும் என்றார். கம்பாசிட்டர் பெயரை எந்தப் புத்தகத்திலும் போடுவதில்லை. அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் உறுத்தியது.

டிசம்பர் 6, சனி

தியாகராய நகரில் ஒரு கடையிலும் மயிலாப்பூரில் ஒரு கடையிலும் பதினைந்து பதினைந்து பிரதிகள் கொடுத்தேன். நாற்பது விழுக்காடு கழிவு. விற்றால் பணம், விற்காவிட்டால் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். 260 ரூபாயில் என் கைக்கு வருவது 156. அடக்கவிலை போக மிஞ்சுவது 13 ரூபாய் 47 காசு. அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு போன ஆட்டோவுக்கு இருபது பிரதிகளின் லாபம் சரியாகிவிட்டது. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாடகையும் ஆள்கூலியும் அவர்களுக்கு மாதம் தவறாமல் வருகின்றன, என் வாசகர் எப்போது வருவார் என்பது அவர்களுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கணக்கைப் போட்டுப் பார்த்து, போடாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு பிரதியை அன்பளிப்பாகக் கொடுத்தால் அந்த இழப்பை ஈடுகட்டக் கடைகள் வழியாகப் பதினோரு பிரதிகள் விற்றாக வேண்டும். இதுவரை முப்பத்தொரு பிரதிகளை அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் மேலாளருக்கு, மேலாளருக்குக் கொடுத்ததால் துணை மேலாளருக்கு, மதிப்புரை எழுதுவதாகச் சொன்ன ஐவருக்கு, எதிர்வீட்டாருக்கு, நான் படித்த பள்ளிக்கு, என் பல் மருத்துவருக்கு. ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவர் கேட்கும் முன்பே என் கை கையெழுத்துப் போட்டுவிடுகிறது. அதே மேலாளரின் வீட்டுத் திருமணத்துக்கு நான் மொய் எழுதாமல் வந்ததில்லை. காசு கேட்கும் வார்த்தை மட்டும் தொண்டையில் நின்றுவிடுகிறது.

டிசம்பர் 20, சனி

மின்நூலையும் ஏற்றிவிட்டேன். அமேசானின் கிண்டிலில் தமிழ் 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. இந்திய விற்பனையில் எழுபது விழுக்காடு உரிமத்தொகை வேண்டுமென்றால் தொண்ணூறு நாட்களுக்கு வேறெங்கும் மின்வடிவில் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முப்பத்தைந்து விழுக்காடு. ஒப்புக்கொண்டேன்.

ஏற்றியபின் கதாநாயகியின் பெயரைத் தேடிப் பார்த்தால் புத்தகத்தில் அவளே இல்லை. 'கௌரி' என்று நான் தேடுகிறேன். புத்தகம் முழுக்க 'கெளரி' இருக்கிறாள். ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் சேர்ந்திருக்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால், 208 பக்கங்களையும் மூன்று முறை படித்த அப்பாவும் நானும் பார்க்கவில்லை. அப்பாவிடம் காட்டினேன். தம் அச்சகத்தில் இரண்டுக்கும் ஒரே ஈய எழுத்தைத்தான் எடுப்பார்கள் என்றும், ஆகவே இது தம் கணக்கில் பிழையே அல்ல என்றும், கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் புத்தகக் காட்சி. ஒரே ஒரு புத்தகம் வைத்திருப்பவள் தனி அரங்கு எடுத்தால் கட்டுப்படியாகாது. தெரிந்த ஒரு பதிப்பாளர் தம் மேசையில் கொஞ்சம் இடம் கொடுத்தார். இருபத்தைந்து பிரதிகள், முப்பத்தைந்து விழுக்காடு கழிவு. வாசகர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பத்து விழுக்காடு தள்ளுபடியும் அதற்குள் அடக்கம் என்பதால் மனம் ஆறியது.

மேசைக்குப் பின்னால் நான்கு மணி நேரம் நின்றேன். கல்லூரி மாணவர் ஒருவர் என் புத்தகத்தை எடுத்து, பின்னட்டையை முழுதும் படித்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படித்து, பக்கம் புரட்டி, மறுபடி படித்து, பிறகு மிக மெதுவாக, வலிக்கக் கூடாது என்பது போலக் கீழே வைத்துவிட்டுப் போனார். நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார், அல்லது கூச்சப்பட்டு ஓடியிருப்பார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, பக்கத்திலிருந்த சமையல் புத்தகத்தை வாங்கினார். மாலைக்குள் என் புத்தகம் ஏழு விற்றது. ஏழாவதை வாங்கிய அம்மாளிடம் கையெழுத்து வேண்டுமா என்று கேட்டேன். எதற்கு என்றார்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். சின்ன மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்துத் தாம்பூலம் போட்டுக்கொண்டே கட்டிலின் மேலிருந்த கட்டுகளைப் பார்த்து, "நம்ம வீட்டுப் பிள்ளை எழுதியிருக்கு, மாமாவுக்குக் குடுக்கணும்னு தோணலையே" என்றார். ஒரு பிரதியை உருவினேன். பேனாவைத் திறந்தேன். பதினோரு பிரதிகள் என் கண் முன்னே வந்து வரிசையாக நின்றன. மூடிவிட்டு, "இருநூற்று அறுபது ரூபாய் மாமா. உங்களுக்கு இருநூற்று இருபது" என்றேன்.

கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாமா வேட்டி மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "சில்லறையா இல்லையேம்மா" என்றார்.

அப்பா நாளிதழிலிருந்து தலையை எடுக்காமலே, "ஜீபே இருக்கு" என்றார்.