அப்பா பெயரில் இருந்த வீடு

மலேசியாவில் உயில் எழுதாமல் இறந்துபோன நம்மவர்கள் பலரின் வீடுகள் இன்னும் அவர்கள் பெயரிலேயே கிடக்கின்றன. வக்கீல் செலவுக்குப் பயந்து சிலர், பங்காளிச் சண்டைக்குப் பயந்து சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டு விஷயத்தை வக்கீல் வைக்காமல் நாங்களே முடித்தோம். இன்னொரு குடும்பத்துக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போனது கிள்ளானில் ஒரு தரைவீடு, வங்கியில் கொஞ்சம் சேமிப்பு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம். இபிஎஃப்பில் அம்மாவின் பெயரைக் கொடுத்திருந்ததால் அது சிக்கலில்லாமல் வந்தது. வீடுதான் பாக்கி. உயில் இல்லாமல் இறந்தவருக்கு வீடோ நிலமோ இருந்து, மொத்தச் சொத்தும் 5 மில்லியன் வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருந்தால் உயர்நீதிமன்றம் போகத் தேவையில்லை. 1955ஆம் ஆண்டு சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்தின் வழியாகவே முடித்துக்கொள்ளலாம். 2024 ஜூலைக்கு முன்பு இந்த வரம்பு 2 மில்லியன்தான்.

சித்தப்பா ஒருவர், "மூத்த பையன் பேர்ல மாத்திடுங்க, பொம்பளப் பிள்ளைங்க கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஊர் வழக்கம் அப்படி. ஆனால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டத்தில் மூத்தவன், இளையவள் என்ற பேச்சே கிடையாது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகள் எல்லோருக்குமாகப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. தீபகற்பத்திலும் சரவாக்கிலும் உள்ள முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இதுதான் கணக்கு.

அப்படிப் பார்த்தால் அப்பாவின் அம்மாவான எங்கள் பாட்டிக்கு அந்த வீட்டில் கால் பங்கு. வீட்டில் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. பாட்டிக்கோ எண்பது தாண்டிவிட்டது. அப்பா இறந்த அன்றே அந்தக் கால் பங்கு அவருடையதாகிவிட்டது. பங்கீடு முடியும் முன் அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அது அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போயிருக்கும். சித்தப்பா, அத்தைகள் எல்லோரிடமும் அம்மா சம்மதம் கேட்டு நிற்க வேண்டி வந்திருக்கும். தள்ளிப்போடத் தள்ளிப்போட வாரிசுகள் பெருகிக்கொண்டே போவார்கள். தாத்தா பெயரிலுள்ள நிலத்துக்கு முப்பது பேரைத் தேடி அலைவது இப்படித்தான் வருகிறது.

நில அலுவலகத்தில் கொடுக்கும் விண்ணப்பமான பாரம் ஏ நிரப்புவது பெரிய வேலை இல்லை. இறப்புச் சான்றிதழ், எல்லோருடைய ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரங்கள், வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) நகல், நிலவரி ரசீது. எங்களை இழுத்தடித்தது அம்மாவின் திருமணச் சான்றிதழ். அம்மாவுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தது 1979இல், பதிவு செய்யவில்லை. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சமய முறைப்படி, வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் பதிவானதாகவே கருதப்படும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உறுதிமொழி ஆணையர் முன் அம்மா சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார். பெற்றோர் இருவர் பெயரும் உள்ள எங்கள் பிறப்புப் பத்திரங்களையும் சேர்த்து வைத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். 1982க்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் தயவுசெய்து ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். கணவர் இறந்த பிறகு, தான் மனைவிதான் என்று நிரூபிக்க ஒரு பெண் அலைவதைப் போல் கொடுமை வேறில்லை.

நில அலுவலக விசாரணைக்குப் பாட்டியைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனோம். சிங்கப்பூரில் வேலை செய்யும் தங்கை லீவு போட்டு வந்தாள். வர முடியாத வாரிசுகள் டிடிஏ என்ற சம்மதப் பாரத்தில் முறைப்படி கையெழுத்திட்டு அனுப்பலாம். ஆனால் எல்லோரும் நேரில் இருந்தால் சந்தேகம் எழாது. அதிகாரி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "உங்கள் பங்கு இவ்வளவு, விட்டுக்கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்டார். பாட்டிக்கு மலாய் புரியும். இருந்தாலும் நான் தமிழில் ஒருமுறை சொன்னேன். "என் மருமகளுக்கே போகட்டும்" என்றார். நாங்களும் அப்படியே சொன்னோம். தன் பங்கு என்ன என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் கையெழுத்துப் போடுவது வேறு. அந்தக் கேள்வியைச் சட்டம் பாட்டியிடமும் கேட்டதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

கட்டணம் சொத்து மதிப்பில் 0.2 விழுக்காடு. 380,000 வெள்ளி வீட்டுக்கு 760 வெள்ளி. பாரம் ஈ கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அது பங்கீட்டு உத்தரவுதான். அசல் கிராண்டோடு கொண்டுபோய்ப் பதிந்தால்தான் பெயர் மாறும்.

அப்புறம் அம்மாவை உயில் எழுத வைத்தோம். அதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டோம்.