லேத் கிளம்பிருச்சு, வீடு இன்னும் முடியல

7 வருஷமா கட்டிட்டு இருந்த வீடு இது. அஸ்திவாரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டும் ஆள் விட்டேன், மிச்சம் பூச்சு, டைல்ஸ், கதவு, ஒயரிங் பைப் எல்லாம் நானும் மச்சானும் லீவு நாள்ல பண்ணது, அதனாலதான் 7 வருஷம். குடியிருந்துக்கிட்டே கட்டுனோம், அதுல பின்னாடி ரூம் மெல்ல மெல்ல என்னோட பட்டறை ஆயிடுச்சு. இப்ப விக்கிறோம். பேசி முடிச்சாச்சு, சாவி குடுக்குற தேதியும் சொல்லியாச்சு, அதுக்குள்ள வீட்டையும் முடிக்கணும் பட்டறையையும் ஒரு ஷெட்டுக்கு மாத்தணும். வீட்டை முடிக்க வேண்டிய மெஷின் எல்லாம் பட்டறைல கிடக்கு, பட்டறை காலி ஆனாத்தான் பின்னாடி ரூமை முடிக்க முடியும். இந்த முடிச்சை எந்தப் பக்கத்துல இருந்து அவுக்குறதுன்னு யோசிச்சே ஒரு வாரம் ஓடிப் போச்சு.

கடைசில நான் எடுத்த முடிவு, கனமானது முதல்ல போகட்டும். தப்பு. வண்டில இடம் இருக்கேன்னு முதல் ட்ரிப்லயே டேபிள் சா-வையும் (பலகையை நீளவாக்குல கிழிக்கிற மெஷின்) ஏத்திட்டேன். ஏத்தும்போது அவ்வளவு பெருமையா இருந்துச்சு, பாதி ரூம் காலி. மூணாவது நாள் கதவு நிலைக்கும் பூச்சுக்கும் நடுவுல இருக்குற சந்தை மறைக்கிற மரப்பட்டை அடிக்கலாம்னு உக்காந்தா, 6 கதவு, ஒரு பக்கத்துக்கு 3 பட்டை, ரெண்டு பக்கமும் சேர்த்து 36 பட்டை, அத்தனையும் பலகையில இருந்து கிழிக்கணும். கிழிக்கிற மெஷின் ஷெட்ல தார்பாய்க்கு அடியில நிம்மதியா தூங்குது. கை சர்க்குலர் சா-வுக்கு ஒரு அலுமினிய பட்டையை கைடா கிளாம்ப் போட்டு ஒவ்வொண்ணா கிழிச்சேன், அரை நாள் வேலை ரெண்டரை நாள் ஆச்சு, அப்புறம் அந்த சா வாய் வச்ச ஓரத்தை எல்லாம் இழைப்புளி போட்டு சரி பண்ணது தனிக்கதை. மறுபடி பண்ணா கனத்தைப் பாக்க மாட்டேன், வீட்டுல இன்னும் என்னென்ன அறுக்கணும் துளைக்கணும்னு எழுதிட்டு அதுல பேர் வராத மெஷினை முதல்ல ஏத்துவேன். அப்படிப் பாத்தாலும் லேத்துதான் (இரும்பைச் சுத்தவிட்டுக் கடையிற மெஷின்) முதல்ல போயிருக்கும், வீட்டு வேலைக்கு அதுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல (அப்படித்தான் நெனச்சேன், கடைசில வருது பாருங்க).

லேத்து நாலரை அடி பெட் (எல்லாத்தையும் தாங்குற நீளமான அடிப்பாகம்), ஸ்டாண்டை விட்டுட்டு பாத்தாலும் 400 கிலோ கிட்ட இருக்கும். ஹெட்ஸ்டாக் (கம்பியைச் சுத்துற தலைப்பகுதி) பக்கம்தான் பூரா கனம், அதனால நடுவுல பெல்ட்டை மாட்டித் தூக்குனா அந்தப் பக்கம் குப்புற சாயும். கம்பியைப் பிடிக்கிற சக்கைக் கழட்டினேன், மோட்டாரைக் கழட்டினேன், டெயில்ஸ்டாக்கையும் (கம்பியோட மறுமுனைக்கு முட்டுக் குடுக்கிறது) கேரியேஜையும் (டூலைச் சுமந்து நகர்றது) எதிர்க் கடைசிக்குத் தள்ளி இறுக்கினேன், அது ரெண்டும் அந்தப் பக்கம் போனா கொஞ்சம் தராசு சமமாகும். பெல்ட்டு பெட்டுக்கு அடியில மட்டும் பிடிக்கணும், லீட்ஸ்க்ரூ (பெட்டை ஒட்டி நீளமா ஓடுற மரைக் கம்பி) மேல ஏறிச்சுன்னா அது வளைஞ்சிரும், அதுக்கு நடுவுல ஒரு மரக்கட்டையைச் சொருகினேன். செயின் பிளாக்குல (சங்கிலி இழுத்துத் தூக்குற கப்பி) முதல்ல அரை இன்ச் மட்டும் தூக்கி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்து, இறக்கி, பெல்ட்டை ரெண்டு விரல்கடை தள்ளி, திரும்பத் தூக்கி, இப்படி 4 தடவை. மச்சான் பொறுமை இழந்துட்டாரு, "மாப்ள, இது என்ன பொண்ணு அழைப்பா, தூக்குங்க போலாம்"னாரு. நாலாவது தடவை ரசமட்டம் வச்ச மாதிரி நேரா நின்னுச்சு.

ஸ்டாண்டு இல்லாம ஒரு தடிமனான பலகைல போல்ட் போட்டு, அடியில 3 இரும்புப் பைப் குடுத்து உருட்டிட்டு வரணும், கடப்பாரையால நெம்பி. பின்னால வர்ற பைப்பை எடுத்து முன்னாடி போடுறது மச்சான் வேலை. பிரச்சினை என்னன்னா பின்ரூம்ல இருந்து வாசலுக்கு வரணும்னா ஹால் வழியாத்தான் வரணும், ஹால்ல நானே ஒட்டுன டைல்ஸ். 18 மிமீ பிளைவுட் ஷீட்டை விரிச்சுத்தான் உருட்டினோம், கனம் பரவட்டும்னு. ஹால்ல பாதி தூரம் சத்தமே இல்லாம வந்துச்சு. அப்புறம் பிளைவுட்டுக்கு அடியில இருந்து "டக்"னு ஒரு சத்தம், முட்டை ஓடு உடையிற மாதிரி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம், யாரும் பேசல. இன்னும் ஒரு அடி தள்ளினா இன்னொரு "டக்".

வண்டில ஏத்தி அனுப்பிட்டு வந்து ஷீட்டைத் தூக்கிப் பாத்தா 2 டைல்ஸ்ல மூலைக்கு மூலை விரிசல். ஹால்ல மொத்தம் 60 டைல்ஸ்க்கு மேல, அத்தனையும் அதே கனத்தைத் தாங்கிச்சு, இந்த ரெண்டு மட்டும் ஏன்னு ஸ்க்ரூடிரைவர் பிடியால வரிசையாத் தட்டிக்கிட்டே போனேன். ஒரு பக்கம் முழுக்க "டொக் டொக்"னு கெட்டியா கேக்குது, வாசல் பக்க வரிசைக்கு வந்தா "டங் டங்"னு காலியா ஒலிக்குது. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, நான் வாழ்க்கையிலேயே முதல்ல ஒட்டுன டைல்ஸ் அந்த வரிசைதான். அப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் 4 மூலைக்கு ஒரு உருண்டை நடுவுல ஒரு உருண்டைன்னு பசையை வச்சு அமுக்குறது. அடியில பூரா காத்து. ரெண்டாவது வரிசைல இருந்துதான் பல்லு வச்ச கரணையால இழுத்து, டைல்ஸ் முதுகுலயும் ஒரு பூச்சு தடவி ஒட்டக் கத்துக்கிட்டேன். 7 வருஷம் அது மேல நடந்தோம், சோபா போட்டோம், ஒண்ணும் ஆகல, ஒரு லேத்து வந்து பொய்யைக் கண்டுபிடிச்சிருச்சு.

உடைஞ்ச ரெண்டை மட்டும் மாத்தலாமா, காலியா ஒலிக்கிற 9-ஐயும் மாத்தலாமான்னு ஒரு ராத்திரி பூரா யோசனை. எனக்குன்னா அப்படியே விட்டுருப்பேன். விக்கிற வீட்டுல இன்னொருத்தர் ஒரு பீரோவை இழுக்கும்போது அது உடையும், அப்ப நம்ம பேரைச் சொல்லித் திட்டுவாங்க. ஒன்பதையும் எடுக்கலாம்னு முடிவு பண்ணேன், ஆனா மிச்சம் வச்சிருந்த பொட்டில 7 தான் இருக்கு. அதே கம்பெனி அதே டிசைன் தேடி வாங்குனாலும் பேட்ச் வேறயா இருந்தா நிறம் லேசா மாறும், ஒரே தரையில பக்கத்துல பக்கத்துல போட்டா பளிச்சுனு தெரியும். வீட்டம்மாதான் சொன்னாங்க, "உங்க உளி தீட்டுற மேஜைல ரெண்டு ஒட்டி வச்சிருக்கீங்களே, அது என்ன?" ஆமா, உப்புத்தாளை மட்டமா விரிச்சு உளி முதுகை தேய்க்கிறதுக்காக ரெண்டு டைல்ஸை டபுள் டேப் போட்டு மேஜைல ஒட்டி வச்சிருந்தேன். மேஜை எங்க? ஷெட்ல. போய் பட்டிக் கத்தியால நெம்பி எடுத்துட்டு வந்தேன்.

பழசை எடுக்கிறது ஒட்டுறதை விட நிதானமா பண்ண வேண்டிய வேலை. முதல்ல சுத்தி இருக்குற குரௌட்டை (டைல்ஸ் சந்துல அடைக்கிற கலவை) முழுசா சுரண்டி எடுத்துடணும், இல்லன்னா உளி அடி பக்கத்து டைல்ஸ்க்குப் போய் அதுவும் சில்லு பேந்துரும். அப்புறம் நடுவுல குத்தி ஓரத்தை நோக்கி உடைக்கணும், ஓரத்துல இருந்து ஆரம்பிக்கவே கூடாது. காலியா இருந்த டைல்ஸ் அழகா பெரிய பெரிய துண்டா வந்துச்சு, பின்பக்கம் பாத்தா 5 வட்டம், தோசைக்கல்லுல ஊத்துன ஆப்பம் கணக்கா. அடியில காஞ்சு கிடந்த பழைய பசையை செதுக்கி எடுக்கலன்னா புது டைல்ஸ் தூக்கிக்கிட்டு நிக்கும், அதுக்கே ஒரு நாள். மறுநாள் 9-ம் ஒட்டி, ஒரு நாள் விட்டு குரௌட் போட்டேன். குரௌட் மட்டும் கொஞ்சம் வெளுப்பா தெரியுது, பழசு 7 வருஷ அழுக்கு குடிச்சது. ஹால் பூரா குரௌட்டை பிரஷ் போட்டுக் கழுவினதுக்கு அப்புறம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாச்சு.

பின்னாடி ரூம். மெஷின் போனதும் அது ரூம் மாதிரியே இல்ல. தரையில 10 ஆங்கர் போல்ட்டு நீட்டிக்கிட்டு, லேத்து நின்ன இடத்துல எண்ணெய் ஊறி ஒரு கருப்பு வரைபடம், செவுத்துல தூசி உறிஞ்சுற பைப்புக்காக நான் போட்ட 4 இன்ச் ஓட்டை. போல்ட்டைப் பிடுங்கலாம்னு நெம்பி நெம்பி ஒண்ணு கான்கிரீட்டோட பேந்துச்சு, மிச்சம் ஒன்பதையும் கிரைண்டர்ல தரை மட்டத்துக்கு கீழ வர்ற மாதிரி அறுத்து மேல எபாக்ஸி கலவை போட்டு மூடினேன். எண்ணெய்க் கறைக்கு மரத்தூளைக் கொட்டி மிதிச்சு வச்சு, கூட்டி, டீகிரீசர் ஊத்தித் தேய்ச்சு, திரும்ப மரத்தூள். 3 சுத்து ஆச்சு. தண்ணி தெளிச்சா முத்து முத்தா நிக்காம உள்ள இழுத்தாத்தான் எண்ணெய் போச்சுன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி மேல எதைப் பூசினாலும் தோல் உரியிற மாதிரி உரியும். ஓட்டையை மட்டும் வாங்குறவங்ககிட்டயே கேட்டேன், அவங்க எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்கிறோம்னு சொல்லிட்டாங்க, ஒரு வேலை மிச்சம்.

பட்டி பாத்து உப்புத்தாள் போட்ட தூசியைப் பத்தி எழுத இஷ்டமே இல்ல. அது எங்க எல்லாம் போச்சுன்னு இன்னும் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கோம்.

பாத்ரூமுக்கு ஒரு சோதனை மட்டும் பண்ணேன், கழிவு ஓட்டையைத் துணி வச்சு அடைச்சு 2 இன்ச் தண்ணி கட்டி 2 நாள் விட்டேன், டைல்ஸ்ல பென்சில் கோடு. 2 நாள் கழிச்சு 4 மிமீ இறங்கியிருந்துச்சு, பக்னு ஆச்சு. நல்லவேளை பக்கத்துலயே ஒரு தட்டுல தண்ணி வச்சிருந்தேன், அதுலயும் அதே அளவு இறங்கியிருக்கு, அப்ப ஆவியாப் போனதுதான், கசிவு இல்ல. தரையும் செவுரும் சேர்ற மூலையில பழைய குரௌட்டு கோடு விட்டிருந்துச்சு, அங்க குரௌட் நிக்காது, ரெண்டும் தனித்தனியா அசையும், சுரண்டிட்டு சிலிகான் அடிச்சேன். வாட்டம் ஒரு மூலையில மட்டும் சரியில்ல, தண்ணி ஒரு உள்ளங்கை அளவு தேங்குது. அதை அப்படியே விட்டுட்டு வாங்குறவங்ககிட்ட காட்டிட்டேன்.

இதுக்கு நடுவுல ஷெட். தகரக் கூரை, ராத்திரி குளிர்ந்து காலையில வெளிக்காத்து உள்ள வரும்போது மெஷின் மேல எல்லாம் வேர்த்து நிக்குது. ட்ரில்லிங் மெஷின் டேபிளை இறக்கி வச்ச அன்னைக்கு அசதில எண்ணெய் தடவாம வந்துட்டேன், 4 நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா டேபிள்ல மச்சானோட உள்ளங்கை, 5 விரல், ரேகை உட்பட துருவுல அச்சடிச்சு இருக்கு. கைவியர்வை உப்புதான். அவரு போட்டோ எடுத்து வச்சிருக்காரு. நைஸ் உப்புத்தாளும் எண்ணெயும் போட்டுத் தேய்ச்சு எடுத்தாச்சு, ஆனா சாயங்கால வெளிச்சத்துல கட்டைவிரல் மட்டும் இன்னும் லேசா தெரியுது.

ஷெட்ல லேத்துக்கு மோட்டாரை மாட்டி டிரைவ்ல (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) ஒயர் குடுத்தா உல்டாவா சுத்துச்சு. என்னோடது மரை போட்டு மாட்டுற சக்கு, உல்டாவுல கழண்டு பறந்துரும், அதனாலதான் முதல் ஓட்டத்துக்கு சக்கை மாட்டல. 3 ஒயர்ல ரெண்டை மாத்திப் போட்டதும் சரியாச்சு. அப்புறம் மட்டம். கொத்தனார் ரசமட்டம் இதுக்குப் பத்தாது, மெஷின் லெவல் கடன் வாங்கினேன், மீட்டருக்கு 0.02 மிமீ காட்டுறது, மேல கை வச்சாலே குமிழி நகருது. அது சரின்னு சொன்னதுக்கு அப்புறமும் கடைஞ்சு பாத்துத்தான் நம்பணும். ஒரு தடி இரும்புக் கம்பியை சக்குல மட்டும் பிடிச்சு, டெயில்ஸ்டாக் முட்டுக் குடுக்காம, 150 மிமீ தள்ளித் தள்ளி ரெண்டு வளையம் விட்டு, டூலோட ஆழத்தை மாத்தாம ரெண்டுலயும் ஒரே லேசான வெட்டு. மைக்ரோமீட்டர்ல அளந்தா வெளிப்பக்க வளையம் 0.05 மிமீ பெருசு. அப்ப அந்தக் கடைசில டூல் கம்பியை விட்டு விலகி நிக்குது, பெட்டு முறுக்கிக்கிட்டு இருக்கு. நாம நிக்குற பக்கத்துக் காலை டெயில்ஸ்டாக் முனையில ஒரு கால் சுத்து உயர்த்தி, திரும்ப வெட்டி, திரும்ப அளந்து, ராத்திரி 11 மணிக்கு 0.01-க்கு வந்துச்சு. கான்கிரீட்டு புதுசு, ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் வாங்குறவங்க போன் பண்ணி, இரும்பு கேட்டு தரையில உரசுதே பாத்தீங்களான்னு கேட்டாங்க. பாத்தேன், கீழ் கீல்ல பின்னு தேய்ஞ்சு பாதியாப் போயிருக்கு, கேட்டு ரெண்டு நூல் (கால் இன்ச்) இறங்கிருச்சு. லேத்துக்கும் வீட்டு வேலைக்கும் சம்பந்தம் இல்லன்னு சொன்னவன் நான்தான். சக்குல அந்த சோதனைக் கம்பி அப்படியே இருந்துச்சு, அதையே பின்னு அளவுக்குக் கடைஞ்சு அறுத்து எடுத்துட்டு வந்துட்டேன். நாளைக்குக் காலையில கேட்டை நெம்பித் தூக்கி மாட்டணும். கடப்பாரையை ஷெட்லயே வச்சுட்டு வந்துட்டேன்.