டீலக்ஸ் பதிப்பில் எனக்கு முக்கியம் இரண்டாவது டிஸ்க்

சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியை வைத்து உருவான சிந்த்-பாப் ஆல்பங்களின் டீலக்ஸ் பதிப்புகளை, அதாவது கூடுதல் பாட்டுகளோடு வரும் மறுபதிப்புகளைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் உடனே வருகிற கேள்வி, கையில் இருக்கிற ஆல்பத்தையே எதற்கு மறுபடி வாங்க வேண்டும் என்பதுதான். நான் வாங்குவது ஆல்பத்துக்காக இல்லை, கூடவே வரும் இரண்டாவது டிஸ்க்குக்காக. எண்பதுகளில் இந்த இசையின் பாதி உயிர் ஒன்றிரண்டு பாட்டுகள் மட்டும் இருக்கும் வினைல் தட்டுகளான 12 இன்ச் சிங்கிள்களில்தான் இருந்தது. ஆடுவதற்காக நீட்டிய மிக்ஸ் ஒரு பக்கம், ஆல்பத்தில் எங்கேயும் இல்லாத ஒரு பாட்டு மறுபக்கம்.

ஹியூமன் லீக் குழுவின் 'டேர்' (1981) ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட் அந்தப் பாட்டுகளையே பிரித்து, டேப்பை வெட்டி ஒட்டி, பெரும்பாலும் குரலே இல்லாமல் 1982இல் 'லவ் அண்ட் டான்ஸிங்' என்று தனி ஆல்பமாகவே கொண்டுவந்தார். லின் எல்எம்-1 டிரம் மெஷினின் அடிகள் தனித்துக் கேட்கும்போதுதான் அந்தப் பாட்டுகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது காதுக்கே பிடிபடுகிறது. 'டேர்' பிடித்தவர்கள் இதைக் கேட்காமல் விடவே கூடாது.

அப்புறம் பெட் ஷாப் பாய்ஸ் இரட்டையர். 2001இல் 'ப்ளீஸ்' தொடங்கி 'பைலிங்குவல்' வரை 6 ஆல்பங்களை 'ஃபர்தர் லிஸனிங்' என்ற பெயரில் இரட்டை சிடியாக வெளியிட்டார்கள். மறுபதிப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்த வரிசையைத்தான். அந்தந்தக் காலத்து மிக்ஸ்களும் சிங்கிள்களின் மறுபக்கப் பாட்டுகளும் இருக்கின்றன, புக்லெட்டில் நீல் டென்னன்ட்டும் கிறிஸ் லோவும் ஒவ்வொரு பாட்டும் எப்படி உருவானது என்று உட்கார்ந்து பேசுகிறார்கள், அதைப் படித்துக்கொண்டே கேட்டால் ஒரு மாலை போவதே தெரியாது.

பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்தது என்று சொல்லும் ரீமாஸ்டர் ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒலியை மேலே ஏற்றி, உச்சச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரால் அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே சத்தமாக ஆக்கிவிட்ட ரீமாஸ்டர்கள் நிறைய இருக்கின்றன, மென்மையாக ஓடும் சிந்த்துக்கும் திடீரென்று விழும் டிரம் அடிக்கும் இருக்கிற இடைவெளிதான் இந்த இசையின் அழகே, அது போய்விட்டால் பழைய சிடியே எவ்வளவோ தேவலை. இரண்டையும் ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக வைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

ரீமிக்ஸ் வேறு விஷயம். அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா'வுக்கும் (1980) டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸின் 'சாங்ஸ் ஃப்ரம் த பிக் சேர்' (1985) ஆல்பத்துக்கும் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த 5.1 (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும் சரவுண்ட்) மிக்ஸ்கள், ஒலிகள் தனித்தனித் தடங்களில் பதிவான மல்டிட்ராக் டேப்பிலிருந்து புதிதாகக் கலந்தவை. அடுக்கடுக்காகப் போட்ட சிந்த்துகள் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் பிரிந்து வரும். டெபெஷ் மோடின் 2006 'வயலேட்டர்' பதிப்பிலும் 5.1 டிவிடியும் ஒரு சின்ன ஆவணப்படமும் உண்டு.

எனக்கு ஆகாத ஒன்று, முழு 12 இன்ச் மிக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சுருக்கிய வடிவத்தைப் போடுவது. அதனால் வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பாட்டின் நிமிடக் கணக்கையும் பழைய சிங்கிளோடு ஒத்துப்பார்த்துவிடுவேன். மூலப் பதிவான மாஸ்டர் டேப் தொலைந்துபோய் வினைலிலிருந்து எடுத்துப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, நடுவே ஒன்றிரண்டு கீறல் சத்தம் கேட்டாலும் பாட்டு முழுசாக இருக்கிறதே, ஆனால் அதை புக்லெட்டில் எழுதியிருக்க வேண்டும்.