கதவருகே நிற்பவர்கள்

மே 20

போர்முனையில் ஹெலிகாப்டருக்கு மிகவும் கெட்ட நேரம், அது அந்தரத்தில் அசையாமல் நிற்கும் நேரம்தான். விரைந்து போவதைக் குறிபார்ப்பது கடினம். கீழே கிடப்பவரைக் கம்பி வடத்தில் மேலே இழுக்கும்வரை நின்றே ஆகவேண்டியதை யார் வேண்டுமானாலும் சுடலாம். அந்த நிமிடங்களில், விலகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையாவது விமானிக்கு உண்டு. பின்னால் திறந்த கதவருகே வடத்தைப் பிடித்திருப்பவருக்கு அதுவும் இல்லை.

ஏற்காட்டில் நடக்கும் தேசிய மாணவர் படை முகாமில் முதலுதவி பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கட்டுப்போடக் கற்றுத் தந்துவிட்டு மட்டும் வர மனமில்லை. காயம்பட்டவர் மருத்துவமனைக்கு வந்து சேரும்வரை அவர் உயிரைக் கையில் பிடித்து வருகிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

மே 21

தொடக்கம் பர்மாவில். 1944 ஏப்ரல் கடைசியில், ஜப்பானியப் படைக்குப் பின்புறம் ஒரு சிறு விமானம் விழுந்துவிட்டது. அதன் விமானியும், அதில் வந்த மூன்று பிரிட்டிஷ் வீரர்களும் காட்டில் மாட்டிக்கொண்டார்கள். கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க லெப்டினன்ட் சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டரில் போனார். வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடும், விசிறிக்குப் பிடிமானம் போதாது. அதனால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடிந்தது. நடுவில் இன்ஜின் சூடேறி இரவு முழுவதும் காத்திருக்கவேண்டியதாயிற்று. வீரர்கள் மூவரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக ஏறியவர், விழுந்த விமானத்தின் விமானி. ஹெலிகாப்டர் போர்க்கள மீட்பு இப்படித்தான் தொடங்கியது.

மே 23

ஓமலூரிலிருந்து தம்பி வந்திருந்தான். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவன்; கார்கில் போர் நடந்த 1999-இல் கள மருத்துவமனையில் இருந்தான். வழக்கமாக அந்த நாட்களைப் பற்றி வாய் திறக்க மாட்டான். முகாமுக்காக என்றதும் உட்கார்ந்தான்.

"பழைய சேலைத் துண்டு இருந்தால் கொடு அக்கா."

என் தொடையைச் சுற்றி முடிச்சுப் போட்டு, முடிச்சுக்குள் மரக்கரண்டியின் காம்பைச் செருகித் திருகினான். இரண்டாவது திருகலிலேயே பல்லைக் கடித்தேன். "வலிக்கவில்லை என்றால் ரத்தம் நிற்கவில்லை என்று பொருள்" என்றான். பிறகு கட்டிய நேரத்தைப் பேனாவால் என் நெற்றியில் எழுதினான். அடுத்து வாங்கிக்கொள்ளும் மருத்துவர் முதலில் பார்க்கவேண்டியது அந்த நேரத்தைத்தான். கட்டு நீண்ட நேரம் இருந்துவிட்டால் காலே போய்விடும். தாளில் எழுதினால் விசிறிக் காற்றில் பறந்துவிடும் என்றான். எத்தனையோ விபத்துக் காயங்களைப் பார்த்தவள்தான், ஆனால் அதிர்ந்து குலுங்கும் தளத்தில், திறந்த கதவருகே, குண்டுச் சத்தத்துக்கு நடுவில் இதைச் செய்ததில்லை.

சீட்டா ஹெலிகாப்டர்கள் இறங்கினால் விசிறியை நிறுத்தமாட்டார்களாம். குனிந்தபடி ஓடி ஏற்றவேண்டும், இறக்கவேண்டும். சரிவான தரையில் மேட்டுப் பக்கமிருந்து ஒருபோதும் நெருங்கக் கூடாது, விசிறி தலையைச் சீவிவிடும். ஆயுதமில்லாத அந்தச் சிறிய ஹெலிகாப்டர்களை ஓட்டியவர்களில் குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் என்ற இரண்டு பெண்களும் இருந்தார்கள். இதை மாணவிகளுக்குக் கட்டாயம் சொல்லவேண்டும்.

மே 25

காலையில் ஏற்காட்டின் பகோடா முனைப் பக்கம் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தன. இந்த மூடுபனியில்தான் அமெரிக்க ஹெலிகாப்டர் விமானி பேட்ரிக் பிராடியை முழுதாகப் புரிந்துகொண்டேன்.

வியட்நாம், 1968 ஜனவரி 6. பனியும் புகையும் மூடிய பள்ளத்தாக்கில், ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் திருப்பி, விசிறிக் காற்றாலேயே பனியை விலக்கி, கீழே தெரிந்த ஒற்றையடிப் பாதையைப் பிடித்து மெல்ல நகர்ந்தார். அன்று அடிபட்டுப் பழுதானவற்றை விட்டு மாற்றி மாற்றி மூன்று ஹெலிகாப்டர்களில் பறந்து 51 பேரைக் கொண்டுவந்தது அவருடைய குழு. அவருக்கு வழிகாட்டியாக இருந்த மேஜர் சார்லஸ் கெல்லி 1964 ஜூலை 1 அன்று சுடப்பட்டு இறந்தவர். சுடுகிறார்கள், திரும்பிப் போங்கள் என்று தரையிலிருந்து கத்தியபோது அவர் சொன்ன பதில், "உங்கள் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்ட பிறகு."

இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. நிலைக்கவேண்டியதுதான். ஆனால் அந்த 51 பேரையும் கையால் இழுத்து உள்ளே போட்டவர்களின் பெயர்களை யார் சொல்கிறார்கள்? இந்த ஆதங்கம் எனக்கு உண்டு, மறைக்கப்போவதில்லை.

மே 26

ஆகவே இரண்டு பெயர்களைக் கரும்பலகையில் பெரிதாக எழுதப் போகிறேன்.

ஜார்ஜ் நீல். கொரியா, 1951 ஜூலை 3. ஜான் கோல்ஷ் ஓட்டிய ஆயுதமில்லாத ஹெலிகாப்டரில் வடத்தை இயக்கியவர். தாழ்ந்த மேகத்தால் துணைக்குப் போர் விமானங்கள் வர முடியவில்லை. கீழே காயம்பட்டுக் கிடந்த வேறொரு விமானத்தின் விமானியை மேலே இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர் சுடப்பட்டு விழுந்தது. மூவரும் பிழைத்து, ஒன்பது நாள் மறைந்து திரிந்து, பிறகு பிடிபட்டார்கள். கோல்ஷ் சிறை முகாமிலேயே இறந்துபோனார்.

வில்லியம் பிட்சன்பார்கர். வியட்நாம், 1966 ஏப்ரல் 11. வயது 21. அடிபட்டவர்களைக் கட்டி அனுப்ப, காட்டுக்குள் வடத்தில் இறங்கினார். ஹெலிகாப்டர் சுடப்பட்டு விலகவேண்டி வந்தபோது, மேலே ஏறாமல் கீழேயே இருந்துகொள்வதாகக் கையசைத்துச் சொல்லிவிட்டார். அன்று மாலை கொல்லப்படும்வரை மருந்து கட்டினார், மற்றவர்களுக்குத் தோட்டா பொறுக்கிக் கொடுத்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது அவருக்குக் கிடைத்தது 2000 டிசம்பரில். முப்பத்து நான்கு ஆண்டுகள்! எனக்கு ஆறவே இல்லை.

மே 28

முகாமில் பேசினேன். 1999-இல் இதே தேதியில், கார்கில் போரில், தோலோலிங் மலைமேல் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. அது மீட்புக்குப் போனதல்ல, தாக்குதலுக்குப் போனது என்பதையும் சொன்னேன். அதில் இறந்த ராஜீவ் புண்டீர், முகிலன், பிரசாத், சாஹு என்று நான்கு பெயர்களையும் வாசித்தேன். முகிலன் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்.

ஒரு மாணவி எழுந்து, "செஞ்சிலுவை வரைந்திருந்தால் சுடக் கூடாதுதானே, அம்மா?" என்று கேட்டாள். 1949 ஜெனீவா உடன்படிக்கை மருத்துவ விமானங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் எந்த உயரம், எந்த நேரம், எந்தப் பாதை என்று இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டிருக்கவேண்டும் என்றேன். "சண்டைக்கு நடுவில் அதை யார் ஒப்புக்கொள்வார்கள்?" என்றாள். பெரும்பாலும் யாரும் இல்லை, அது தெரிந்தே போகிறார்கள் என்றேன்.

கட்டுப்போடும் பயிற்சிக்கு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பியும் வருகிறான். விசிறிக்குக் கீழே எப்படிக் குனிந்து ஓடுவது என்பதை அவன் மைதானத்தில் நடத்திக் காட்டட்டும்.