“லீவா டீச்சர்?”

ஐப்பசி பிறந்துவிட்டால் விடியற்காலை ஐந்தரைக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். “டீச்சர், இன்னிக்கு லீவா?” தேவகோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடம் தலைமையாசிரியராக இருந்தேன். அத்தனை மழைக்காலத்திலும் என்னிடம் இருந்தது ஒரே பதில்தான்: “கலெக்டர் இன்னும் சொல்லலைப்பா.”

மழை விடுமுறை பெரும்பாலும் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்தே வரும். காரைக்குடியில் கொட்டுகிற நேரத்தில் மானாமதுரையில் வெயில் அடிக்கலாம், அறிவிப்பு என்னவோ ஒன்றுதான். டி.வி.யில் அடியில் ஓடும் வரியில் சிவகங்கை வருகிறதா என்று பார்த்தபடியே பல் தேய்த்திருக்கிறேன். வாட்ஸ்அப் வந்தபின் அந்த நிம்மதியும் போயிற்று. போன வருடத்து அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றி யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிவிடுவார்.

புதிதில் நான் வானத்தைத்தான் பார்ப்பேன். சத்துணவுக்கூடத்துச் சமையலக்காதான் திருத்தினார்: “வானத்தப் பாக்காதீங்க டீச்சர், கலுங்கப் பாருங்க.” கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம்தான் கலுங்கு. சரியான பேச்சு. எங்கள் பக்கம் மழைத் தண்ணீர் ஒவ்வொரு கண்மாயாக நிறைந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போகும். அதனால் மழை ஓய்ந்து ஒரு நாள் கழித்து, வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடும். லீவு விட்ட அன்று ரோடு நன்றாக இருக்கும். பள்ளி உண்டு என்ற அன்று பஸ் வராது.

ஒரு நாளை மறக்கவே முடியாது. இரவெல்லாம் மழை. ஏழரை வரை அறிவிப்பு இல்லை. முதல் பஸ்ஸில் தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் நனைந்துகொண்டு வந்து இறங்கிவிட்டார்கள். ஏழே முக்காலுக்கு ‘விடுமுறை’ என்று செய்தி வருகிறது! திரும்பிப் போக அடுத்த பஸ் மதியம் ஒரு மணிக்குத்தான். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்திருந்ததால், அடுப்பில் கிச்சடி தயாராக இருந்தது. திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், ஆனால் அன்று யார் வகுப்பைக் கேட்டார்கள்? எல்லோருக்கும் பரிமாறினோம். சாப்பிட உள்ளூர்ப் பிள்ளைகள்தான் இல்லை. அண்டா பாதிக்கு மேல் மிஞ்சியது.

வகுப்பறை ஒழுகியது. பின்தெருவில், கல்யாணம் காட்சி என்றால் மட்டும் திறக்கிற ஒரு செட்டியார் வீடு. காவலுக்கு இருந்த பெரியவர் நான் கேட்பதற்கு முன்பே முகப்பைத் திறந்துவிட்டார். ஆத்தங்குடிக் கல் தரையில் பிள்ளைகள் சொட்டாங்கல் ஆடினார்கள். நான் ஈரப் புடவையோடு திண்ணையில் உட்கார்ந்து கலெக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்குள்தான். ஒன்பதரைக்கு மழை சுத்தமாக விட்டது.

அமெரிக்காவில் ஓஹையோவில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, “அங்க ரெண்டு மணி நேரம் லேட்டா திறக்கறதுன்னு ஒண்ணு கிடையாதாம்மா?” என்றாள். பனி கொட்டினால் அவர்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்தில் விடியும் முன்பே காரில் போய் ரோட்டைப் பார்க்கிறார்கள். பஸ் ஓடுமா, பிள்ளைகள் குளிர்காற்றில் பஸ்ஸுக்கு நிற்க முடியுமா என்று யோசித்து, பெற்றோர் எழுந்திருக்கும் நேரத்துக்குள் செய்தி அனுப்பிவிடுகிறார்கள். மூடுவதும் உண்டு, தாமதமாகத் திறப்பதும் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தில் வண்டி வந்து பனியைத் தள்ளி உப்புத் தூவிவிடும்.

அப்புறம் ஒரு கூட்டத்தில் நானும் கேட்டுப் பார்த்தேன். பத்தரைக்குத் திறக்கலாம் என்று தலைமையாசிரியரே முடிவு செய்ய விட்டால் என்ன? மேடையில் இருந்தவர் சிரித்தார். “டீச்சர், லீவுன்னா லீவு. இல்லேன்னா இல்ல.” நடுவில் ஒன்று இருந்தால் எத்தனையோ காலைகள் வீணாகாமல் இருந்திருக்கும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அந்த நாளுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்தோம். அன்றும் மழை. தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். பள்ளிக்கு எதிர்வீட்டுப் பையன்தான் வரவில்லை.