எந்தக் கசிவு காத்திருக்கலாம்? தீபாவளி நேரத்து நாட்குறிப்பு

13 அக்டோபர் 2025, திங்கள்

எங்கள் குடியிருப்பின் குழாய் வேலைகளைச் செய்யும் பிளம்பர் சனிக்கிழமை இரவு தீபாவளிக்காகத் திருவண்ணாமலைப் பக்கம் உள்ள தம் ஊருக்குப் புறப்படுகிறார். அடுத்த வார இறுதியில்தான் திரும்புவார். பண்டிகை நேரத்தில் சென்னையில் வேறொருவரைப் பிடிப்பதும் எளிதன்று. பராமரிப்புப் பொறுப்பு என்னிடம் இருப்பதால், தேங்கிக் கிடக்கும் புகார்களில் எதை அவர் கிளம்புவதற்கு முன் முடிக்க வேண்டும், எது அவர் வரும்வரை பொறுக்கலாம் என்று நான்தான் சொல்லியாக வேண்டும். முதல் தளத்தில் ஒரு சமையலறைக் குழாய் சொட்டுகிறது. மூன்றாம் தளத்தில் ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறது என்கிறார்கள். தரைத்தளத்தில் ஒரு குளியலறைக் கூரையில் ஓதம் படர்ந்திருக்கிறது. எதிர் வீட்டில் குளித்த தண்ணீர் மெதுவாக வடிகிறது.

உரக்க வந்த புகார் சொட்டும் குழாயைப் பற்றியது. கூரை ஓதத்தைப் பற்றி அந்த வீட்டுப் பெரியவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார்: "போன மழைக்கே இருந்ததுதான் சார், இப்ப கொஞ்சம் பெரிசாகியிருக்கு." என் வரிசை இதற்கு நேரெதிரானது. கண்ணில் படும் நீரின் அளவை வைத்து அவசரத்தை முடிவு செய்யக் கூடாது. அந்த நீரை நாமே நிறுத்த முடியுமா, அது போய்ச் சேரும் இடத்தில் மின்சாரமோ குடிநீரோ இருக்கிறதா என்பவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும். சொட்டும் குழாய்க்குக் கீழே ஆங்கிள் வால்வு இருக்கிறது, மூடினால் நின்றுவிடும். கூரைக்குள் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதே இன்னும் தெரியவில்லை.

14 அக்டோபர், செவ்வாய்

ஓதத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதி வைத்தேன். விளக்கு ஹோல்டருக்கும் ஈரத்துக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. எனவே குழாயைத் தொடுவதற்கு முன்பே அந்த விளக்குக்கான எம்சிபியை (மின் பெட்டியில் உள்ள தானியங்கித் துண்டிப்பானை) இறக்கச் சொல்லி, எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த இணைப்பைத் துண்டித்தோம். நீர் சொட்டும் இடத்தில் ஸ்விட்ச் இல்லையே என்று சமாதானம் அடைவோர் உண்டு. ஆனால் கான்கிரீட்டுக்குள் புதைத்த ஒயர் குழாய்க்குள் புகுந்த நீர் அதன் வழியாகவே ஓடி, பத்தடி தள்ளி இருக்கும் ஸ்விட்ச் போர்டில் வந்து இறங்கக்கூடும். எங்களுடையதைப் போன்ற பழைய கட்டடங்களில் பல வீடுகளில் எம்சிபி மட்டுமே உண்டு. அது மிகைச்சுமைக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழுமே தவிர, மனித உடல் வழியாகக் கசியும் சிறு மின்னோட்டத்துக்கு விழாது. அதற்கு மின்கசிவை உணர்ந்து 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். இந்த வீட்டில் அது இல்லை என்பதால் இந்த ஓதத்தை நான் முதலிடத்தில் வைத்தேன்.

அடுத்து, கசிவது வரும் குழாயா போகும் குழாயா என்று பார்க்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். பத்து மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் தரும். அது கசிந்தால் இரவு பகல் பாராமல் கசியும். கழிவுக் குழாய் கசிந்தால் மேலே குளித்த பிறகுதான் ஈரம் கூடும். மேல் வீட்டார் இன்றிரவு முதல் அந்தக் குளியலறையைப் பூட்டி வைக்கச் சம்மதித்தார்கள். அதற்குத் தண்ணீர் வரும் குழாயின் வால்வு மட்டும் திறந்தே இருக்கும்.

15 அக்டோபர், புதன்

மாலைவரை ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. ஓரம் சற்று வெளிறியும் இருக்கிறது. ஆகவே கசிவு மேல் வீட்டு நானி டிராப்பின் (குளியலறைத் தரையில் நீர் வடியும் வாயின்) இணைப்பிலோ தரை டைல்ஸ் இடுக்கிலோதான். மின் இணைப்பைத் துண்டித்தாயிற்று, நீரும் நின்றுவிட்டது. கூரைக் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்வது மாதக் கணக்கில் நடப்பது. பத்து நாளில் எதுவும் ஆகிவிடாது. தரையை உடைக்கும் வேலையை அவசர அவசரமாக முடித்து, சிமெண்ட் சரியாக இறுகுமுன் நீர் விடுவதைவிட, மேல் வீட்டார் இன்னொரு குளியலறையைப் பயன்படுத்திக்கொண்டு காத்திருப்பதே நல்லது. அபாயத்தை நிறுத்துவதுதான் அன்றே செய்ய வேண்டியது. பழுது பார்ப்பதை நல்ல நாள் பார்த்துச் செய்யலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் பல வீடுகளில் வீண் பதற்றமும், அதைவிட மோசமான அலட்சியமும் ஏற்படுகின்றன.

16 அக்டோபர், வியாழன்

மெதுவாக வடியும் தண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கோ இன்று காலை அதுதான் மிகுந்த கவலை தந்தது. மேல் தளத்தில் ஃப்ளஷ் செய்தபோது கீழே அந்த எதிர் வீட்டு டிராப்பில் களகளவென்று குமிழ் விட்டது. ஒரே ஒரு டிராப் மட்டும் அடைத்தால் அது அந்த டிராப்பின் குப்பை. ஆனால் மேலே விடும் நீர் கீழே எதிரொலித்தால் அடைப்பு எல்லோருக்கும் பொதுவான குழாயில் இருக்கிறது. அதை மூட நமக்கு வால்வு கிடையாது; மேல் வீடுகள் அத்தனையும் நீர் விடுவதை நிறுத்தினாலன்றி அது நிற்காது. எங்கள் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, கடைசிக் கழிவுநீர்ச் சேம்பரிலிருந்து சில அடிகளே தள்ளி இருக்கிறது. மழையும் வரும் வாரம் இது.

சேம்பர் மூடிகளை வரிசையாகத் திறந்து பார்த்தோம். நடுச் சேம்பர் விளிம்புவரை நிறைந்திருந்தது, வாசலருகே உள்ளது காய்ந்திருந்தது. அடைப்பு இரண்டுக்கும் இடையில் என்பது அங்கேயே விளங்கிற்று. பிளம்பரின் உதவியாளர் தம்பி உள்ளே இறங்கிப் பார்ப்பதாகச் சொன்னார். நான் உறுதியாக மறுத்துவிட்டேன். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில்தான் அழுகிய முட்டையாக நாறும். அளவு கூடினால் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிட்டு, சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். இப்படி ஆளை இறக்கி அபாயகரமாகச் சுத்தம் செய்ய வைப்பதை கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்திருக்கிறது. எந்த அடைப்பும் ஓர் உயிரைப் பணயம் வைக்கும் அளவுக்கு அவசரமானது அன்று. மேலிருந்தே கம்பி விட்டுக் குத்தியதில் பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாயின் இணைப்புக்குள் புகுந்திருந்த வேப்பமர வேர் கொத்தாக வந்தது, நீரும் இறங்கியது. குழாயை மாற்றுவது மழைக்காலம் முடிந்த பிறகு.

17 அக்டோபர், வெள்ளி

எஞ்சிய இரண்டும் காத்திருக்கலாம். சொட்டும் குழாயின் கீழ் பாத்திரம் வைத்து அளந்ததில் மணிக்கு ஒரு லிட்டர் சேர்ந்தது. நாளுக்கு 24 லிட்டர். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான கணக்கு; அதோடு ஒப்பிட்டால் இது சிறிய இழப்பன்று. ஆங்கிள் வால்வை மூடினோம். அந்த வீட்டு அம்மாவும் கொல்லைக் குழாயில் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். ஃப்ளஷ் டேங்கில் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்தோம். கோப்பைக்குள் நீலம் இறங்கியதால் கசிவு உறுதியாயிற்று. அதன் வால்வையும் மூடியாயிற்று. வாளியும் குவளையும் போதும்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

விடியுமுன் இரண்டாம் தளத்திலிருந்து தொலைபேசி. எண்ணெய்க் குளியலுக்கு கீசரைப் போட்டிருந்தார்கள்; பாதுகாப்பு வால்விலிருந்து கொதிநீரும் ஆவியும் சீறிக்கொண்டு வந்திருக்கின்றன. கீசர் சூடேறும்போது அந்த வால்வில் சில துளிகள் விழுவது இயல்பு. விடாமல் ஆவியோடு சீறினால் தெர்மோஸ்டாட் பழுதாகி, நீர் அளவுமீறிக் கொதிக்கிறது என்று பொருள். அந்த வால்வில் துணியைச் சுற்றவோ முனையை அடைக்கவோ கூடாது. அழுத்தம் வெளியேற வழியின்றித் தொட்டியே வெடிக்கலாம். எம்சிபியை இறக்கிவிட்டு, குளியலறைக்கு வெளியே நிற்கும்படி சொன்னேன். ஆறும்வரை யாரும் அருகில் போகவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்துப் புத்தாடை உடுத்தினார்கள். பிளம்பர் இல்லாமலேயே முடிந்த அவசரம் இது; கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை அந்த எம்சிபியை ஏற்றக் கூடாது என்று டேப் ஒட்டி எழுதி வைத்தேன்.

22 அக்டோபர், புதன்

மழை. சம்ப் நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்த்தேன். கலங்கலோ நாற்றமோ இல்லை. சேம்பர்களிலும் நீர் தங்காமல் ஓடுகிறது.

25 அக்டோபர், சனி

பிளம்பர் திரும்பிவிட்டார். நானி டிராப் வேலையைத் திங்களன்று தொடங்குகிறார். முடிந்தபின் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்க நீர் தேக்கிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். இன்று அவரோடு மொட்டைமாடிக்குப் போய் ஒவ்வொரு கேட் வால்வையும் மூடித் திறந்து பார்த்தபோது, கிழக்குப் பக்கத்துக் குழாயின் வால்வு முக்கால் பங்கோடு நின்றுவிட்டது. ஆண்டுக்கணக்கில் திருகாமல் விட்டால் இப்படித்தான் இறுகிவிடும். அந்த வரிசை வீடுகளில் எந்தச் சிறு உடைப்பும் இனி நிறுத்த முடியாத உடைப்பாகிவிடும் என்பதால், டிராப்புக்கு முன் இதுதான் முதல் வேலை. நாளை காலை ஏழு மணிக்குத் தொட்டியை வடித்து வால்வை மாற்றுகிறோம். கிழக்குப் பக்கத்து வீட்டார் இன்றிரவே வாளிகளில் நீர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று லிஃப்ட் அருகில் அறிவிப்பு ஒட்டியாயிற்று.